மானியம் யாருக்கு, கடன் யாருக்கு? அமெரிக்க ஊரகங்களில் சமூக அறக்கட்டளைகள் இயங்கும் விதம்

அமெரிக்காவின் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர், பழுதடைந்த குளிர்பதனப் பெட்டிகளை மாற்றுவதற்காகத் தம் வட்டாரத்துச் சமூக அறக்கட்டளையிடம் மானியம் கேட்டால், பெரும்பாலும் இல்லை என்ற பதிலே வரும். அதே ஊரில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக உணவுப்பொருள் வழங்கும் தன்னார்வ அமைப்பு, அதே விலைக்கு அதே பெட்டிகளைக் கேட்டால் மானியம் கிடைக்கக்கூடும். கடைக்காரரை அறக்கட்டளை கைவிட்டுவிடுவதில்லை. அவருக்குக் கடன் கொடுக்க முன்வரலாம், உள்ளூர் வங்கியோடு சேர்ந்து அவருக்கு ஒரு நிதித்திட்டம் வகுத்துத் தரவும் செய்யலாம். ஒரே நிறுவனம் ஒருவருக்குத் திருப்பித் தர வேண்டாத பணத்தையும் மற்றவருக்குத் திருப்பித் தரவேண்டிய பணத்தையும் கொடுப்பது பாரபட்சம் போலத் தோன்றலாம். காரணம் அறக்கட்டளையின் சட்டத் தகுதியிலும், அதன் கையில் உள்ள பணம் வந்த வழியிலும் இருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது

சமூக அறக்கட்டளை என்பது ஒரு செல்வந்தரோ ஒரு குடும்பமோ தொடங்கி நடத்தும் அறக்கட்டளை அன்று. ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியைச் சேர்ந்த பலர், பல காலமாக, பல அளவுகளில் கொடுத்த நன்கொடைகளை ஒரே நிர்வாகத்தின் கீழ் முதலீடு செய்து, அதன் வருவாயை அந்த நிலப்பகுதியின் நலனுக்குச் செலவிடும் பொது நிறுவனம் அது. இத்தகைய முதல் அறக்கட்டளையை 1914ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் ஃபிரெடரிக் கோஃப் என்ற வங்கித் தலைவர் நிறுவினார். அவருடைய வங்கி, இறந்தவர்கள் உயில் வழியாக விட்டுச்சென்ற அறநிதிகளை நிர்வகித்துவந்தது. உயில் எழுதியவர் குறிப்பிட்ட தேவை காலப்போக்கில் மறைந்துபோனாலும், எழுதிய எழுத்து மாறாது என்பதால், அந்தப் பணம் பயனின்றி முடங்கிக் கிடந்தது. நன்கொடையாளரின் விருப்பத்தை மதித்து நடக்கும் அதே வேளையில், அந்த விருப்பத்தை நிறைவேற்றவே முடியாத நிலை வரும்போது பணத்தை வேறு பொதுத் தேவைக்குத் திருப்பும் அதிகாரம் உள்ளூர்க் குழு ஒன்றுக்கு இருக்கவேண்டும் என்பதே கோஃபின் தீர்வு. இந்த அதிகாரம் இன்றும் அமெரிக்கச் சமூக அறக்கட்டளைகளின் சட்ட அடையாளங்களில் ஒன்றாக இருக்கிறது.

வருமான வரிச் சட்டம் இவற்றை 501(சி)(3) என்ற பிரிவின் கீழ் அறநிறுவனங்களாக ஏற்கிறது. 1969ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளையும் பொது அறநிறுவனங்களையும் தெளிவாகப் பிரித்தது. சமூக அறக்கட்டளை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அந்தத் தகுதியைத் தக்கவைத்துக்கொள்ள, அதன் ஆதரவில் பொதுவாக மூன்றில் ஒரு பங்காவது பொதுமக்களிடமிருந்தும் அரசிடமிருந்தும் வந்திருக்கவேண்டும். வேறு சில தகுதிகள் நிறைவேறினால் பத்து விழுக்காடு போதும். ஆகவே சமூக அறக்கட்டளை எக்காலத்தும் நன்கொடை திரட்டிக்கொண்டே இருக்கும் நிறுவனம். கொடுப்பது அதன் ஒரு பாதி வேலை என்றால், கேட்பது மறுபாதி.

சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி மூலநிதியாக நிற்கும். முதலைத் தொடாமல், அதன் முதலீட்டு மதிப்பில் ஆண்டுதோறும் நான்கு அல்லது ஐந்து விழுக்காட்டை மட்டும் செலவிடுவது பெருவழக்கு. பத்து இலட்சம் டாலர் மூலநிதி என்று கேட்கும்போது பெருந்தொகையாகத் தோன்றும். நான்கு விழுக்காட்டில் அது ஆண்டுக்கு நாற்பதாயிரம் டாலர் மட்டுமே தரும். அந்த நாற்பதாயிரம் ஐந்து கவுண்டிகளுக்கு, அதாவது மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற ஐந்து நிர்வாகப் பகுதிகளுக்கு, பகிரப்படவேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் எட்டாயிரம். தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டக் கட்டாயம் சமூக அறக்கட்டளைகளுக்கு இல்லை. ஆனால் மிகையாகச் செலவிடுவதற்கும் தடை உண்டு. 2006ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, பென்சில்வேனியா தவிர மற்ற எல்லா மாநிலங்களும் ஏற்ற மாதிரிச் சட்டம் ஒன்று, மூலநிதியை விவேகத்தோடு நிர்வகிக்கவேண்டும் என்று கோருகிறது. ஓர் ஆண்டில் ஏழு விழுக்காட்டுக்கு மேல் செலவிட்டால் அது விவேகமற்றது என்று கருதப்படும் என்ற விதியையும் சில மாநிலங்கள் அதில் சேர்த்துக்கொண்டன.

இன்னொரு நுட்பத்தையும் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. அறக்கட்டளையின் கையில் உள்ள பணம் முழுவதும் அதன் விருப்பப்படி செலவிடத்தக்கது அன்று. ஒரு பகுதி குறிப்பிட்ட அமைப்புக்கென்று கொடுக்கப்பட்டது; ஒரு பகுதி கல்வி உதவித்தொகைக்கென்று கொடுக்கப்பட்டது; இன்னொரு பகுதியில், எந்த அமைப்புக்கு அனுப்பலாம் என்று ஆலோசனை கூறும் உரிமையை நன்கொடையாளர் தம்மிடமே வைத்திருப்பார். 1931ஆம் ஆண்டில் நியூயார்க்கின் சமூக அறக்கட்டளையில் தொடங்கிய இந்த ஆலோசனை நிதிமுறை இன்று மிகப் பரவலாகிவிட்டது. நிபந்தனை ஏதுமின்றி, இந்த வட்டாரத்துக்கு எது தேவையோ அதைச் செய்யுங்கள் என்று கொடுக்கப்பட்ட பணமே அறக்கட்டளைக்கு உண்மையான வலிமை. அறக்கட்டளைகள் தம் மொத்தச் சொத்தைத்தான் பெருமையாக அச்சிடுகின்றன. ஓர் அறக்கட்டளையை எடைபோட விரும்புகிறவர் அதை விட்டுவிட்டு, அதில் நிபந்தனையற்ற பங்கு எவ்வளவு என்று கேட்பதே பயன்தரும்.

ஊரகத்தில் இது ஏன் வேறாகிறது

பெருநகரத்தில் நன்கொடை கொடுக்கக்கூடிய நிறுவனங்களும் செல்வர்களும் அருகருகே இருக்கிறார்கள். ஊரகத்தில் செல்வம் இல்லை என்று சொல்லமுடியாது. அது விளைநிலமாக இருக்கிறது. நிலத்தின் விலை கோடிக்கணக்கில் இருந்தாலும் உரிமையாளரின் வங்கிக் கணக்கில் ரொக்கம் குறைவாகவே இருக்கும். அவர் இறந்தபின் நிலம், பல ஆண்டுகளுக்கு முன்பே நகரங்களுக்குப் போய்விட்ட பிள்ளைகளின் கைக்கு மாறும். அவர்கள் அதை விற்கும்போது, மூன்று தலைமுறையாக ஓர் ஊரில் சேர்ந்த செல்வம் ஒரே கையெழுத்தில் அந்த ஊரைவிட்டு வெளியேறிவிடும். 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நெப்ராஸ்கா சமூக அறக்கட்டளை, தன் பணியின் மையமாக இந்தக் கவலையையே வைத்தது. தலைமுறை மாறும்போது கைமாறும் செல்வத்தில் ஐந்து விழுக்காட்டையேனும் ஊர் தன்னிடம் இருத்திக்கொள்ளவேண்டும் என்று அது சிற்றூர்களிடம் எடுத்துச்சொல்லிவருகிறது. அதன் கீழ் ஒவ்வோர் ஊருக்கும் தனி நிதியும் தனி உள்ளூர்க் குழுவும் உண்டு. கணக்கு, முதலீடு, வரித் தாக்கல், சட்ட ஆலோசனை ஆகிய பொறுப்புகளை மைய அலுவலகம் ஏற்றுக்கொள்கிறது. ஆயிரம் பேர் வாழும் ஊர் தனியாக ஓர் அறக்கட்டளையைப் பதிவுசெய்து நடத்துவது இயலாத செயல். மைய அலுவலகத்தின் குடையின் கீழ் ஒரு நிதியை வளர்ப்பது இயலக்கூடிய செயல்.

அரசும் பெரிய தனியார் அறக்கட்டளைகளும் இந்த வளர்ச்சிக்கு உதவியிருக்கின்றன. இண்டியானாவில் லில்லி அறக்கட்டளை 1990ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம், உள்ளூர் மக்கள் திரட்டும் நன்கொடைக்கு ஈடாகத் தானும் பணம் சேர்த்ததன் மூலம், அம்மாநிலத்தின் 92 கவுண்டிகளுக்கும் சமூக அறக்கட்டளையின் சேவை கிடைக்க வழிசெய்தது. அயோவா மாநிலம் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம் ஒன்றின்படி, தகுதிபெற்ற சமூக அறக்கட்டளையின் நிரந்தர நிதிக்குக் கொடுப்பவர்களுக்கு, கொடுத்த தொகையில் 25 விழுக்காட்டை மாநில வரியில் கழிவாகத் தருகிறது.

விவசாயிகளிடம் நன்கொடை பெறுவதற்கென்றே சில வழிகள் உருவாகியிருக்கின்றன. விற்காத தானியத்தையே நன்கொடையாகக் கொடுப்பது அவற்றுள் ஒன்று. தானியக் கிடங்கில் உரிமையை முதலில் அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றிவிட்டு, விற்பனையை அறக்கட்டளையே செய்தால், ரொக்க அடிப்படையில் கணக்கு வைக்கும் விவசாயிக்கு அந்த விற்பனைத் தொகை வருமானமாகச் சேராது. வரிசை மாறி, விவசாயியே விற்றுப் பணத்தைக் கொடுத்தால் இந்தச் சலுகை இல்லை. நிலத்தையே பெற்று, விற்காமல் குத்தகைக்கு விட்டு, குத்தகைப் பணத்தை ஊருக்குச் செலவிடும் அறக்கட்டளைகளும் உண்டு.

தொண்டு அமைப்புகளுக்கு

மானியம் என்றதும் பெருந்தொகையை எதிர்பார்த்து வருவோர் ஊரக அறக்கட்டளைகளின் அறிவிப்புகளைப் பார்த்து ஏமாற்றமடைவதுண்டு. சில ஆயிரம் டாலர்களே பெரும்பாலான மானியங்களின் அளவு. தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கு மூச்சுக் கருவி, நூலகத்துக்குக் கணினி, முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச்செல்லும் வண்டிக்குப் பழுதுபார்ப்பு என்ற வகையில் அவை செல்லும். ஆனால் சிறிய மானியத்துக்கு அதன் தொகையை மீறிய பயன் ஒன்று உண்டு: உள்ளூர் அறக்கட்டளை விசாரித்துக் கொடுத்தது என்ற செய்தி, வெளியூர் நன்கொடையாளருக்கு ஒரு சான்றாகிறது.

மானியத்தைவிட முதன்மையான உதவி, என் பார்வையில், நிர்வாகச் சுமையைக் குறைப்பதுதான். ஊரில் நான்கு பேர் சேர்ந்து பூங்காவைச் சீரமைக்க விரும்புகிறார்கள் என்று கொள்வோம். வரிவிலக்குத் தகுதி இல்லாமல் அவர்களால் வரிக்கழிவுள்ள நன்கொடை பெறமுடியாது. தகுதி பெறுவதோ மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. அவர்களின் திட்டத்தைச் சமூக அறக்கட்டளை தன் சொந்தத் திட்டமாக ஏற்று, பணத்தைத் தன் பெயரில் பெற்று, செலவைத் தானே மேற்பார்வையிட்டு, கணக்கு வைத்துக்கொடுக்கலாம். இதற்குச் சிறு விழுக்காடு கட்டணம் உண்டு. திட்டம் முடிந்ததும் குழு கலைந்துபோகலாம். கலைக்கவேண்டிய நிறுவனம் எதுவும் மிஞ்சியிருக்காது.

நிலைபெற்ற தொண்டு அமைப்புகள் தங்கள் சேமிப்பையே அறக்கட்டளையிடம் ஒப்படைத்து, அதன் பெரிய முதலீட்டுத் தொகுதியில் சேர்த்து வளர்ப்பதும் உண்டு. இதில் ஒரு நிபந்தனையைக் கவனிக்கவேண்டும்: சட்டப்படி அந்தப் பணம் அறக்கட்டளையின் உடைமையாகிவிடுகிறது. நினைத்தபோது முதலைத் திரும்பக் கேட்கமுடியுமா என்பது ஒப்பந்தத்தின் சொற்களைப் பொறுத்தது. கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தின் அந்த ஒரு பத்தியையாவது அமைப்பின் நிர்வாகக் குழு முழுவதும் படிக்கவேண்டும்.

நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி, கணக்குப் பதிவில் உதவி, ஆண்டில் ஒரு நாளைக் குறித்து வட்டாரம் முழுவதும் இணையவழி நன்கொடை திரட்டும் இயக்கம் ஆகியவையும் வழக்கமான பணிகள்.

தொழில்களுக்கு

அறநிறுவனத்தின் பணம் தனியொருவரின் இலாபத்துக்குப் போகக்கூடாது என்பது அமெரிக்க வரிச் சட்டத்தின் அடிப்படை. ஆயினும் தொழிலுக்கு உதவுவது எப்போதும் அறம் ஆகாது என்று சட்டம் சொல்லவில்லை. வறியோருக்கு உதவுதல், அரசின் சுமையைக் குறைத்தல், சமூகச் சீர்குலைவைத் தடுத்தல் ஆகியவற்றையும் அறச் செயல்களாக விதிமுறைகள் ஏற்கின்றன. எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதை வருமான வரித் துறையின் இரண்டு தீர்ப்புரைகள் காட்டும். 1974ஆம் ஆண்டின் தீர்ப்புரை ஒன்று, பொருளாதாரத்தில் நலிந்த பகுதிகளில், வழக்கமான வழிகளில் பணம் பெறமுடியாத தொழில்களுக்குக் குறைந்த வட்டிக் கடனோ நீண்டகாலக் கடனோ கொடுத்த அமைப்பை அறநிறுவனமாக ஏற்றது. 1977ஆம் ஆண்டின் தீர்ப்புரையோ, நலிந்த பகுதியாகவே இருந்தாலும், அங்குள்ள கடைகளுக்கு வாடிக்கையாளர்களை ஈர்த்துத் தருவதையே பணியாகக் கொண்ட அமைப்புக்கு அத்தகுதியை மறுத்தது. முன்னதில் தொழில் கருவியாக இருந்தது, பயன் சமூகத்துக்குப் போனது. பின்னதில் கடைக்காரர்களின் வணிகமே நோக்கமாகிவிட்டது. ஆகவே கடன் விண்ணப்பத்தைப் பார்க்கும் அறக்கட்டளை ஊழியர், இந்தக் கடை பிழைக்குமா என்பதோடு, இது இல்லாவிட்டால் ஊருக்கு என்ன இழப்பு என்பதையும் எழுத்தில் பதிவுசெய்யவேண்டியவராக இருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் வேறு மளிகைக் கடை இல்லாத ஊரில் இந்தக் கேள்விக்கு விடை எளிது. ஐந்தாவது காப்பிக் கடைக்கு விடை கடினம்.

இந்த வகைப் பணிக்கு மினசோட்டா மாநிலம் தெளிவான எடுத்துக்காட்டு. 1980களில் அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியை வேளாண் நெருக்கடி தாக்கியது. முந்தைய பத்தாண்டில் ஏறும் நில விலையை நம்பிக் கடன் வாங்கிய விவசாயிகள், வட்டி உயர்ந்து நில விலையும் விளைபொருள் விலையும் சரிந்தபோது பண்ணைகளை இழந்தார்கள். அவர்களோடு சிற்றூர் வங்கிகளும் கடைகளும் சாய்ந்தன. 1986ஆம் ஆண்டில் மினியாபொலிஸ் நகரின் மெக்நைட் அறக்கட்டளை, தானே தொலைவிலிருந்து பணம் அனுப்பாமல், ஆறு வட்டாரங்களில் ஆறு தனித்த நிறுவனங்களை உருவாக்கி, முடிவெடுக்கும் பொறுப்பை அவற்றிடமே விட்டது. இன்று டுலூத், பெமிட்ஜி, ஃபெர்கஸ் ஃபால்ஸ், லிட்டில் ஃபால்ஸ், ஹட்சின்சன், ஓவட்டோனா ஆகிய ஊர்களைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் அந்த ஆறும், மாநிலத்தின் 87 கவுண்டிகளில், மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களைச் சூழ்ந்த ஏழு நீங்கலாக 80 கவுண்டிகளுக்குப் பணியாற்றுகின்றன. மானியம், தொழிற்கடன், நன்கொடை நிதிகளின் நிர்வாகம் ஆகிய மூன்றும் அவற்றில் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன.

இக்கடன்கள் வங்கியோடு போட்டியிடுவதற்காக ஏற்பட்டவை அல்ல. வங்கி விட்ட இடைவெளியை நிரப்புபவை. ஊரகத்துக்கே உரிய ஓர் இடைவெளியை மட்டும் விளக்குகிறேன். சிற்றூரில் மூன்று இலட்சம் டாலர் செலவிட்டு ஒரு பட்டறையைக் கட்டினால், கட்டி முடித்த மறுநாளே அதன் சந்தை மதிப்பு இரண்டு இலட்சமாக மதிப்பிடப்படலாம். ஏனெனில் அந்த ஊரில் கட்டடங்களுக்கு வாங்குவோர் குறைவு. வங்கி செலவைப் பார்த்துக் கடன் கொடுக்காது, ஈட்டின் மதிப்பைப் பார்த்துத்தான் கொடுக்கும். அதிலும் முழு மதிப்புக்குக் கொடுக்காது. வங்கி ஒன்றரை இலட்சம் கொடுக்க, உரிமையாளர் தம் சேமிப்பிலிருந்து அறுபதாயிரம் போட்டால், இன்னும் தொண்ணூறாயிரம் துண்டுவிழும். அறக்கட்டளை அந்தத் தொண்ணூறாயிரத்தைக் கொடுத்து, ஈட்டின் மீது இரண்டாவது உரிமையை மட்டும் ஏற்றுக்கொள்ளும். தொழில் தோற்றால் கட்டடத்தை விற்ற பணம் முதலில் வங்கிக்குப் போகும். எஞ்சியது இருந்தால்தான் அறக்கட்டளைக்கு. வட்டி வங்கியைவிட மிகக் குறைவாக இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இருக்கவேண்டியதில்லை. வரிசையில் பின்னால் நிற்கச் சம்மதிப்பதே அறக்கட்டளை செய்யும் உதவி.

திரும்பி வரும் அசலும் வட்டியும் அடுத்த கடனாகப் போகும். இதனைச் சுழல் நிதி என்பர். அதற்கான முதல் பணம் அறக்கட்டளையின் சொந்த நிதியாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறை, ஊரக இடைநிலைக் கடன் திட்டம் ஒன்றின் வழியாக, இத்தகைய நிறுவனங்களுக்கு ஒரு விழுக்காடு வட்டியில், முப்பது ஆண்டுகள் வரை தவணையில் கடன் கொடுக்கிறது. அவை அதனை ஊரகத் தொழில்களுக்கு மறுகடனாகக் கொடுக்கின்றன. பத்து பேர் அல்லது அதற்குக் குறைவானோர் வேலைசெய்யும் தொழில்களுக்கு ஐம்பதாயிரம் டாலர் வரையிலான சிறுகடனுக்கென்று, 2008ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் தனித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. அதில் கடன் கொடுப்பதோடு, கடன் பெற்றவருக்குத் தொழில் ஆலோசனை வழங்கவும் இடைநிலை நிறுவனத்துக்கு மானியம் உண்டு. கடன் கொடுத்தபின் ஆறு மாதத்துக்கொரு முறை வந்து கணக்கைப் பார்த்து, விலை நிர்ணயத்தில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்டும் ஒருவர் பல சிறுதொழில்களுக்குக் கடன் தொகையைவிடப் பயன்பட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

மானியத்துக்கும் கடனுக்கும் நடுவே நிற்கும் தொழில்களும் உண்டு. மினசோட்டா ஊரகத்தில் குழந்தைக் காப்பகங்கள் பலவும், தம் வீட்டிலேயே சில குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் சொந்தத் தொழில்கள். சட்டப்படி அவை தனியார் தொழில்கள். ஆனால் ஒன்று மூடினால் சில குடும்பங்களில் ஒருவர் வேலையை விடவேண்டிவரும், தொழிற்சாலைக்கு ஆள் கிடைக்காது. அதனால் மேற்சொன்ன ஆறு நிறுவனங்களும் குழந்தைப் பராமரிப்பைத் தொழில்வளர்ச்சியின் பகுதியாகவே கருதிப் பயிற்சியும் நிதியுதவியும் அளித்துவருகின்றன. ஓய்வுபெற விரும்பும் உரிமையாளரிடமிருந்து அவருடைய ஊழியர் கடையை வாங்குவதற்கான கடனும் இத்தகைய நடுநிலத்தைச் சேர்ந்ததே.

குறைகள்

இந்த அமைப்பின் பெருங்குறை, தேவை மிகுந்த வட்டாரத்தில் மூலநிதி மிகச் சிறிதாக இருப்பது. நன்கொடையை நம்பிய நிறுவனம் என்பதால், வளமான வட்டாரத்தின் அறக்கட்டளை விரைவாக வளரும். நலிந்த வட்டாரத்தில் அது தேங்கிநிற்கும். வெளியிலிருந்து பெரிய அறக்கட்டளையோ அரசோ கைகொடுக்காமல் இந்த ஏற்றத்தாழ்வு தானாகத் தீராது. அடுத்தது, சிற்றூரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். கடன் குழுவில் இருப்பவர் விண்ணப்பித்தவரின் மைத்துனராகவோ போட்டிக் கடையின் உரிமையாளராகவோ இருப்பது அங்கே அரிதன்று. அத்தகையவர் அந்த விண்ணப்பம் பேசப்படும்போது அறையைவிட்டு வெளியேறவேண்டும் என்ற விதி எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது. வெளியேறியது கூட்டக் குறிப்பில் பதிவாகவும் வேண்டும். விண்ணப்பதாரர் தம் வரவு செலவை ஊர்க்காரர்கள் பார்ப்பார்களே என்று தயங்கி, விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுவதும் உண்டு.

விண்ணப்பிக்கும் முன் அறக்கட்டளையின் வரித் தாக்கலைப் படித்துவிடுவது நல்ல வழக்கம். படிவம் 990 என்ற அந்த ஆண்டறிக்கை பொது ஆவணம். யார் கேட்டாலும் காட்டவேண்டும் என்பது சட்டம். அதன் ‘டி’ அட்டவணையில் ஆலோசனை நிதிகளின் அளவும் மூலநிதியின் ஏற்ற இறக்கமும் இருக்கும். ‘ஐ’ அட்டவணையில், உள்நாட்டு அமைப்புகளுள் ஐயாயிரம் டாலருக்கு மேல் பெற்றவை பெயரோடும் தொகையோடும் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளின் பட்டியலை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அறக்கட்டளை எந்த அளவில், எத்தகைய பணிக்குக் கொடுக்கிறது என்பது தெரிந்துவிடும். தொழிற்கடன் அந்தப் பட்டியலில் வராது. அதற்குக் கடன் பிரிவு அலுவலரை நேரில் கேட்கவேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளின் வரித் தாக்கலையும் அடுத்த இரண்டு ஆண்டுகளின் உத்தேச வரவு செலவையும் எடுத்துக்கொண்டு போனால், அவர் முதல் சந்திப்பிலேயே ஏறத்தாழ ஒரு பதிலைச் சொல்லிவிடுவார்.